இரண்டு பாபநாசங்கள்

தமிழ்நாட்டில் பாபநாசம் என்ற பெயரில் பலரும் அறிந்த ஊர்கள் இரண்டு. ஒன்று திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணி மலையை விட்டுச் சமவெளிக்கு இறங்கும் இடத்தில் இருக்கிறது. மற்றொன்று தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவே, வயல்களுக்குள் ஓடும் ரயில் பாதையில் இருக்கிறது. முதல் ஊருக்கு வருகிறவர்கள் அகத்தியர் அருவியில் குளித்து, பாபநாசநாதரைக் கும்பிட்டு, அணையைப் பார்த்துவிட்டுத் திரும்பும் வழியில் விக்கிரமசிங்கபுரத்துப் பஞ்சாலையைக் கடந்து போவார்கள். ஹார்வி நிறுவனத்தார் 1885இல் தொடங்கிய ஆலை அது. மலையிலிருந்து இறங்கும் தண்ணீரின் வேகத்தைக் கொண்டே இயந்திரத்தை ஓட்டி நூல் நூற்றார்கள். பயணிகள் குளிக்கிற அருவியும் ஆலையை ஓட்டிய விசையும் ஒரே மலைச் சரிவின் இரண்டு பயன்கள். இரண்டாவது பாபநாசத்தில் அருவியும் கிடையாது, அப்படி ஓர் ஆலையும் கிடையாது. ஊரை ஒட்டிய திருப்பாலைத்துறைக் கோயிலில் செங்கல்லால் கட்டிய கூம்பு வடிவ நெற்களஞ்சியம் ஒன்று நிற்கிறது. தஞ்சை நாயக்கர் காலத்துக் கட்டடம்; மூவாயிரம் கலம் நெல் பிடிக்கும் என்பது கணக்கு. ஒரு பாபநாசத்தின் அடையாளம் நூல், மற்றதன் அடையாளம் நெல். காவிரிக் கரை நெல் விளையும் பூமி, அங்கே ஆலை ஏன் வர வேண்டும் என்று இதை எளிதாகக் கடந்துவிடலாம். ஆனால் ஆலைக் காலத்துக்கு முன்பு துணி வாங்கக் கடல் கடந்து கப்பல்கள் தேடி வந்தது திருநெல்வேலிப் பாபநாசத்துக்கு அல்ல, காவிரிக் கழிமுகத்துக்குத்தான். நெசவுக்குப் பேர்போன நாடு ஆலை நாடாக மாறாமல் நின்றுவிட்டது விளக்கம் கேட்கிற விஷயம்.

பேச்சு வழக்கே இதைக் காட்டிக்கொடுக்கும். கோயம்புத்தூரிலோ மதுரையிலோ ஒருவர் மில்லுக்குப் போகிறார் என்றால் பஞ்சாலை வேலைக்குப் போகிறார் என்று பொருள். மில் சங்கு ஊதுவதை வைத்து அந்த ஊர்களில் இரண்டு மூன்று தலைமுறைகள் உலை வைத்தன, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பின. தஞ்சாவூர்ப் பக்கம் மில் என்றால் ரைஸ் மில். நெல்லை அவித்து, களத்தில் காயவைத்து, அரைத்துக் கொடுக்கும் இடம். இங்கே காலத்தைக் கணக்குப் பார்த்தது சங்கை வைத்து அல்ல, ஆற்றில் தண்ணீர் வரும் நாளை வைத்து. ஒரே இங்கிலீஷ் சொல்லை இரண்டு வட்டாரங்கள் இரண்டு பண்டங்களுக்கு ஒதுக்கிக்கொண்டதில் ஒரு நூற்றாண்டுப் பொருளாதாரம் அடங்கியிருக்கிறது.

இது துணி நாடாக இருந்ததற்குச் சான்றுகள் நிறைய. கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த கிரேக்கக் கடல்வழிக் குறிப்பான பெரிப்ளூஸ், அர்கரு என்ற ஊரின் பெயராலேயே வழங்கிய மெல்லிய பருத்தித் துணியைப் பற்றிச் சொல்கிறது. அந்த ஊர் உறையூர் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. மயிலாடுதுறையின் ஒரு பகுதியான கூறைநாட்டின் பெயரே ஒரு சான்று. கூறை என்றால் துணி. பட்டும் பருத்தியும் கலந்து கட்டம் போட்டு அங்கே நெய்த புடவைதான் மணப்பெண்ணின் கூறைப்புடவை என்று பெயர் பெற்றது. வேறெங்கோ நெய்த பட்டைக் கட்டிக்கொண்டு மணையில் உட்காரும் பெண்ணைப் பற்றியும் கூறை கட்டிக்கொண்டாள் என்றே இன்றும் சொல்கிறோம். 1620இல் தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் தங்கிக்கொள்ள ரகுநாத நாயக்கர் அனுமதி கொடுத்தார். மிளகுக்காக வந்தவர்களின் வணிகத்தில் நாளடைவில் துணி பெரிய இடம் பிடித்தது. 1658இல் டச்சுக்காரர்கள் போர்ச்சுகீசியரிடமிருந்து நாகப்பட்டினத்தைப் பிடித்தார்கள். 1690இல் சோழமண்டலக் கரையின் தலைமையிடத்தைப் பழவேற்காட்டிலிருந்து அங்கே மாற்றினார்கள். ஜாவாவிலும் மலுக்குத் தீவுகளிலும் கிராம்பும் ஜாதிக்காயும் வாங்கக் காசைவிடத் துணி நன்றாகச் செல்லுபடியானது. அந்தத் துணியில் ஒரு பகுதி இந்தக் கழிமுகத்துத் தறிகளிலிருந்து போனது. தரங்கம்பாடிக் கடற்கரையில் டேன்ஸ்போர்க் கோட்டையைப் படமெடுக்கிறவர்கள் கடலைப் பார்த்து நிற்கிறார்கள். அந்தக் கோட்டை அங்கே நின்றதன் காரணத்தில் பாதி அவர்கள் முதுகுக்குப் பின்னால், உள்நாட்டுத் தறிகளில் இருந்தது.

கப்பல்காரர்கள் ஒரு வாடிக்கையாளர் என்றால் தஞ்சை அரண்மனை இன்னொன்று. அரண்மனையின் ருசி எப்படிப்பட்டது என்பதற்குக் கோடாலிக்கருப்பூர்ப் புடவை ஒன்று போதும். கொள்ளிடத்தின் வடகரையில், இன்றைய அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது அந்த ஊர். மெல்லிய பருத்தி நூலில் ஜரிகையைப் புட்டாவாகக் கோத்து முதலில் நெய்வார்கள். பிறகு மெழுகு தடவி, தூரிகையால் வரைந்து, சாயத்தில் முக்கி எடுப்பார்கள். அடர் சிவப்புக்கும் பழுப்புக்கும் அடியிலிருந்து ஜரிகை மங்கலாக மினுங்கும். நெசவாளி, வரைகிறவர், சாயக்காரர் என்று மூன்று கைகள் ஒரே துணியில் சேர வேண்டிய வேலை. மராட்டிய அரச குடும்பத்துக்காகவே இது நடந்தது. கடைத்தெருவில் விற்கிற சரக்கு இல்லை. 1799இல் இரண்டாம் சரபோஜி நாட்டின் ஆட்சியைக் கும்பெனியிடம் விட்டார். ஆனாலும் நாட்டு வருவாயில் ஐந்தில் ஒரு பங்கு அவருக்குத் தொடர்ந்து வந்தது. ஆளுவதற்கு நாடு இல்லாத அந்த அரண்மனை, புடவை வாங்குவதை நிறுத்தவில்லை. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்ததும் கும்பெனி சமஸ்தானத்தை எடுத்துக்கொண்டது. வாங்க ஆளில்லாமல் போனதும் அந்தப் புடவை நெய்வது நின்றது. இன்று அதை அருங்காட்சியகக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பார்க்க முடியும். மெழுகும் தூரிகையும் மட்டும் கோயில் தொம்பை, விதானம் எழுதும் கலம்காரி வேலையில் தப்பிப் பிழைத்தன.

இதையெல்லாம் கேட்கிறவர் உடனே சொல்லக்கூடிய பதில் மான்செஸ்டர். சீமைத் துணி வந்தது, கைத்தறி செத்தது, கதை முடிந்தது. இதில் உண்மை இல்லாமல் இல்லை. 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற அதிகாரி இந்தியத் துணிகளின் 700 மாதிரித் துண்டுகளை 18 தொகுதிகளாக ஒட்டி இங்கிலாந்தின் தொழில் நகரங்களுக்கு அனுப்பினார். இந்தியர்கள் எதை உடுத்துகிறார்கள் என்று பார்த்து அதையே இயந்திரத்தில் செய்து விற்கலாம் என்பது நோக்கம். அதற்கும் முன்பே இந்தக் கழிமுகம் வேறு அடிகள் வாங்கியிருந்தது. 1781இல் ஐதர் அலியின் படை புகுந்து ஊர்களை எரித்தது. அதே ஆண்டு டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இழந்தார்கள்; ஒரு பெரிய வாடிக்கையாளர் போனார். ஆனால் இவை கைத்தறியின் சரிவை விளக்குமே தவிர, ஆலை வராததை விளக்காது. சீமைத் துணி மதுரைக்கும் வந்தது, கோயம்புத்தூருக்கும் வந்தது. மான்செஸ்டர் தொட்ட இடமெல்லாம் நெசவு அழிந்தது என்றால், கோயம்புத்தூருக்குத் தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்ற பட்டம் எங்கிருந்து கிடைத்தது? சென்னையில் பக்கிங்காம் ஆலை 1876இல் வந்தது. தூத்துக்குடியில் ஹார்வியின் ஆலையும் கோயம்புத்தூரில் ஸ்டேன்ஸ் ஆலையும் 1888இல் வந்தன. மதுரை ஆலை 1892இல். கைத்தறி அடிபட்ட அதே காலத்தில்தான் இந்த ஊர்களில் ஆலைப் புகைபோக்கிகள் எழுந்தன. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம், நாகப்பட்டினம் ஆகிய நான்கும் அந்தப் பட்டியலில் இல்லை.

அடுத்து எழும் வாதம் மண்ணைப் பற்றியது. பருத்திக்குக் கரிசல் வேண்டும், டெல்டாவில் இருப்பது வண்டல். விசைக்கு அருவி வேண்டும், டெல்டாவோ தட்டையான பூமி. கேட்பதற்கு முடிவான பதில் போலத் தோன்றும். ஆனால் டச்சுக்காரர்கள் வாங்கிய காலத்திலும் இங்கே வண்டல்தான். மேற்கே விளைந்த பருத்தி மாட்டுவண்டியிலும் பொதிமாட்டிலும் வந்து இங்கே நூலாகித் துணியானது. சென்னை ஆலைகளைச் சுற்றியும் கரிசல் கிடையாது. விசைக்கு அருவியைத் தேடியது திருநெல்வேலிப் பாபநாசத்து ஆலைக்காரர்கள்தான். சென்னை, மதுரை, தூத்துக்குடி ஆலைகள் நிலக்கரி எரித்து நீராவியில் ஓடின. நிலக்கரி இறக்கத் துறைமுகமும், பஞ்சு கொண்டுவர ரயிலும் வேண்டும் என்றால் நாகப்பட்டினத்தில் இரண்டும் தொடக்கத்திலேயே இருந்தன. நாகப்பட்டினம்–தஞ்சாவூர் ரயில் பாதை 1861இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. மதுரைக்கு ரயில் வந்ததே 1875இல். துறைமுகமும் ரயிலும் சந்திக்கிற, நெசவுப் பழக்கம் உள்ள ஒரு நகரத்தைத் தாண்டிக்கொண்டு முதலாளிகள் வேறு ஊர்களுக்குப் போனார்கள் என்றால், காரணத்தை மண்ணிலும் நிலக்கரியிலும் தேடிப் பயனில்லை.

காரணம் அந்தக் களஞ்சியத்தில் இருக்கிறது என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம். ஆலை கட்டப் பணம் வேண்டும், ஆள் வேண்டும். டெல்டாவில் இரண்டையும் நெல் ஏற்கெனவே பிடித்து வைத்திருந்தது. பணத்தை முதலில் பார்க்கலாம். 1830களில் ஆர்தர் காட்டன் முக்கொம்பிலும் அணைக்கரையிலும் கொள்ளிடத்துக்குக் குறுக்கே அணைகள் கட்டியதும், கல்லணைக்குக் கீழே தண்ணீர் வரத்து முன்னெப்போதையும்விட நிச்சயமானது. தண்ணீர் நிச்சயம் என்றால் விளைச்சல் நிச்சயம், குத்தகை நிச்சயம். அப்படிப்பட்ட நிலம் வைத்திருந்த மிராசுதாரர், கையில் சேர்ந்த ரூபாயை முன்பின் தெரியாத இயந்திரத்தில் போடுவதற்கு ஒரு காரணமும் இல்லை. இன்னும் இரண்டு வேலி நிலம் வாங்குவார், வட்டிக்கு விடுவார், கோயிலுக்குக் கட்டளை வைப்பார், பிள்ளையை 1854இல் தொடங்கிய கும்பகோணம் கல்லூரிக்கு அனுப்பி வக்கீலாகவோ தாசில்தாராகவோ ஆக்குவார். 1904இல் கும்பகோணத்தில் வங்கி ஒன்றே தோன்றியது. இன்று சிட்டி யூனியன் வங்கியாக இருப்பது அதுதான். பணம் இல்லாத ஊரில் வங்கி பிறக்காது. கொங்கு நாட்டில் நிலைமை நேர்மாறு. அங்கே மழை பொய்க்கும், கிணறு தோண்டினால் பாறை வரும், பருத்தி விலை ஏறி இறங்கும். எதிலும் நிச்சயம் இல்லாதவர் நாலு தொழிலில் கை வைத்துத்தான் பிழைக்க வேண்டும். பருத்தி விளைவித்தவர் பருத்தி அரவை ஆலை வைத்தார், அரவை ஆலை வைத்தவர் நூற்பாலைக்குப் போனார். 1984இல் வெளியான தன் நூலில் வரலாற்றாய்வாளர் கிறிஸ்டோபர் பேக்கர் தமிழகத்தை ஆற்றுப் பள்ளத்தாக்கு, சமவெளி, கொங்கு நாடு என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார். அந்தப் பிரிவினை இந்தக் கேள்விக்கு நன்றாகவே பொருந்துகிறது. சோம்பல், சாதி மனப்பான்மை என்றெல்லாம் தஞ்சாவூர்க்காரரைப் பற்றிச் சொல்லும் வழக்கமான கேலியை நான் ஏற்கவில்லை. அவர் போட்ட கணக்கு சரியான கணக்குத்தான். நிச்சயமான வருமானத்தை விட்டு நிச்சயமற்றதற்குப் போக யாருக்கும் பைத்தியமில்லை.

ஆள் விஷயம் இதைவிடக் கடுமையானது. கோயம்புத்தூர், மதுரை ஆலைகளுக்கு ஆள் கிடைத்தது வானம் பார்த்த பூமியிலிருந்து. மழை பொய்த்த ஆண்டில் நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு வந்தவர்கள் அவர்கள். டெல்டாவில் நடவுக்கும் அறுப்புக்கும் ஒரே வாரத்தில் ஊர் முழுக்க ஆள் வேண்டும்; தாமதித்தால் தண்ணீர் முறை போய்விடும். அதனால் ஆளைக் கட்டி வைப்பதே பண்ணை நடத்தும் கலையாக இருந்தது. பண்ணையாள் என்பவர் கூலிக்காரர் மட்டுமல்லர். முன்பணம், குடியிருக்கும் மனைக்கட்டு, சாதி மூன்றாலும் பண்ணையோடு பிணைக்கப்பட்டவர். அவர் விடுபட வழியே இல்லை என்று நினைக்க வேண்டாம், வழி இருந்தது. ஆனால் அந்த வழி நாகப்பட்டினத்துக் கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் போயிற்று. மலாயாவின் கரும்புத் தோட்டத்துக்கும், பிறகு ரப்பர் தோட்டத்துக்கும் தமிழ்நாட்டுக் கூலிகள் ஏறிய முக்கியத் துறைமுகம் அது. அந்த வழியில் ஓடிய ரஜூலா கப்பலின் பெயர் டெல்டாவின் பழைய குடும்பங்களில் இன்னும் நினைவில் இருக்கிறது. அதாவது இந்தப் பகுதியிலும் ஊரை விட்டுத் தொழிலாளியாகப் போகத் தயாரான மனிதர்கள் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஒன்று, வயலில் கட்டுண்டு கிடந்தார்கள். இல்லையென்றால் கடல் தாண்டினார்கள். வயலுக்கும் கடலுக்கும் நடுவில் நின்று அவர்களைக் கூப்பிட ஓர் ஆலை மட்டும் இல்லை. மிராசுதாரர்களின் நலனும் அதுதான். பக்கத்து ஊரில் வாரக்கூலி கொடுக்கும் ஆலை ஒன்று வந்தால் நடவுக்கு வரப்போகிறவர் யார்?

இங்கே ஒரு மறுப்பு நியாயமாக எழும். நாகப்பட்டினத்தில் தென்னிந்திய ரயில்வேயின் பெரிய பணிமனை இருந்ததே, அங்கே ஆள் கிடைத்ததே என்பார்கள். கிடைத்தது உண்மை. டெல்டாவில் தொழிற்சங்கமும் வேலைநிறுத்தமும் வேர்விட்ட இடங்களில் அது முக்கியமானது. ஆனால் இரும்பு வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் நகரத்துக் கைவினைஞர்கள், வெளியூர்க்காரர்கள். நடவு வயலிலிருந்து ஆளை அது இழுக்கவில்லை. அந்தப் பணிமனையும் நிலைக்கவில்லை. 1920களின் இறுதியில் திருச்சிராப்பள்ளி பொன்மலைக்குப் போய்விட்டது. சுதந்திரத்துக்குப் பிறகு கூட்டுறவுத் துறை மணல்மேட்டில் ஒரு நூற்பாலை வைத்ததையும், காரைக்காலில் ஒன்று இருந்ததையும் எடுத்துச் சொல்லலாம். அவை அரசு கொண்டுவந்து வைத்தவை. மண்ணில் திரண்ட பணத்தால் எழுந்தவை அல்ல. மணல்மேட்டு ஆலை மூடிக் கிடந்ததை அந்தப் பக்கத்து மக்கள் அறிவார்கள்.

ஆற்றின் மேல்பகுதியைப் பார்த்தால் இந்த வேலைப் பிரிவினை இன்னும் துலக்கமாகத் தெரியும். காவிரி விசை தராத ஆறு அல்ல. சிவசமுத்திரத்தில் விழும் அதன் தண்ணீரில் 1902இலேயே மின்சாரம் எடுத்து, கோலார் தங்கவயலுக்கு அனுப்பினார்கள். 1925இல் தொடங்கிய மேட்டூர் அணை 1934இல் முடிந்தது. 1937இல் அங்கே மின்சாரம் வந்தது. நீலகிரியின் பைக்காரா மின்சாரம் 1930களில் கோயம்புத்தூர் ஆலைகளைப் பெருக்கியது போல, மேட்டூரும் மேற்கு மாவட்டங்களின் தொழிலுக்குத் தோள் கொடுத்தது. கீழே இறங்கிய தண்ணீர் வயலுக்கு வந்தது. அணையோடு சேர்த்து வெட்டிய கல்லணைக் கால்வாயைத் தஞ்சாவூர்க்காரர்கள் புது ஆறு என்கிறார்கள். பெரிய கோயிலைப் பார்க்க வருகிறவர்கள் பக்கத்தில் ஓடும் அதைப் பழங்கால ஆறு என்றே நினைத்துக்கொள்கிறார்கள். கோயிலுக்கு ஆயிரம் வயது, கால்வாய்க்கு இன்னும் நூறு ஆகவில்லை. மேட்டூர் மின்சாரமும் திருச்சி வழியாக டெல்டாவுக்கு வந்தது என்பதை மறக்கக்கூடாது. வந்து என்ன செய்தது? தெருவிளக்கு ஏற்றியது, நெல் அரைத்தது. அருவி இல்லை என்ற காரணம் அன்றோடு காலாவதியாகிவிட்டது. அப்போதும் பஞ்சாலை வரவில்லை. பின்னாளில் அரசு ஆய்வு நிலையம் ஒன்று வந்தபோது அதுவும் நெல்லுக்காகவே வந்தது. 1967இல் திருவாரூரில் தொடங்கிய நெல் பதன ஆய்வு மையம்தான் பிறகு தஞ்சாவூருக்கு மாறி, உணவுத் தொழில்நுட்ப உயர்கல்வி நிறுவனமாக வளர்ந்தது.

அப்படியானால் பட்டு எப்படிப் பிழைத்தது என்று கேட்கலாம். நெல் எல்லாவற்றையும் விழுங்கியது என்றால் திருபுவனத்திலும் தாராசுரத்திலும் அய்யம்பேட்டையிலும் கும்பகோணத்திலும் சௌராஷ்டிரர் தறிகள் ஓடிக்கொண்டிருக்க முடியாதே? இந்தக் கேள்வி என் வாதத்தைக் கெடுக்கவில்லை, கூர்மையாக்குகிறது. பட்டு நெசவு வயலோடு போட்டி போடவில்லை. நெசவு செய்த குடும்பங்கள் நிலத்தோடு கட்டப்பட்டவை அல்ல. வேலை வீட்டுக்குள் நடந்தது. கச்சாப் பட்டு மைசூர்ப் பக்கத்திலிருந்தும் ஜரிகை சூரத்திலிருந்தும் வந்தன. எல்லாவற்றுக்கும் மேல், வாங்குகிற ஆள் நெல்லில் பணம் பார்த்தவர். அறுப்பு முடிந்து தை பிறந்தால் கல்யாணம். கல்யாணம் என்றால் பட்டு. அரண்மனை போன இடத்தில் மிராசுதாரர் வீட்டுக் கல்யாணம் வந்து உட்கார்ந்தது. இயந்திரத்தால் எளிதில் தொட முடியாத பண்டத்துக்கு, பக்கத்திலேயே கையில் காசுள்ள வாடிக்கையாளர் கிடைத்தார். 1955இல் திருபுவனத்தில் பட்டுக் கைத்தறி நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கியது. 2019இல் திருபுவனம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. விசிறி மடிப்பு என்று அந்தப் புடவையை மடிக்கும் முறைக்கே தனிப் பெயர் உண்டு. காவிரித் தண்ணீரில் சாயம் போட்டால் பட்டு தனியாக மின்னும் என்று அங்கே சொல்வார்கள். தண்ணீரின் குணம் எப்படியோ, அதே தண்ணீர் பாய்ந்த வயல் கொடுத்த பணத்தால்தான் பட்டு விலைபோனது என்பதில் சந்தேகமில்லை. சாதாரண மக்கள் கட்டும் பருத்திச் சேலைக்கு அந்தப் பாதுகாப்பு கிடைக்கவில்லை. கூறைநாட்டுத் தறிகள் மெலிந்ததன் காரணம் அதுதான்.

ஆலை வராததே நல்லது என்று நினைக்கிறவர்கள் இன்று அதிகம். கல்லணையிலிருந்து பூம்புகார் வரை பச்சை விரிப்பாகக் கிடக்கும் பாதையில் கார்த்திகை மாதத்தில் போகிறவர் அப்படித்தான் நினைப்பார். அவர்கள் கையில் வலுவான சான்று ஒன்றும் இருக்கிறது. காவிரியில் கலக்கும் நொய்யலைத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் என்ன செய்தன என்பது ஊரறிந்தது. பாசனத்துக்காக 1992இல் முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவுத் தொட்டியாக மாறியது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு நிலைமை போனது. டெல்டாவின் வாய்க்கால்கள் அந்தக் கதிக்கு ஆளாகவில்லை என்று நிம்மதி கொள்வதில் தவறில்லை. ஆனால் அந்தப் பச்சைக்கு யார் என்ன விலை கொடுத்தார்கள் என்ற கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பண்ணையாளைத் திடீரென்று வெளியேற்றக் கூடாது என்று 1952இல் தஞ்சாவூர் மாவட்டத்துக்கென்றே தனிச் சட்டம் போட வேண்டி வந்தது. 1968 டிசம்பர் 25 அன்று இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரே குடிசையில் எரிக்கப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். தகராறு நெல் கூலியைப் பற்றியது. ஆலை இருந்த ஊர்களில் ரத்தம் சிந்தவில்லை என்று சொல்ல வரவில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரியில் போராடிய ஆலைத் தொழிலாளர்கள்மேல் பிரெஞ்சு அரசு சுட்டதில் 12 பேர் இறந்தார்கள். ஆனால் அடுத்த ஆண்டே அங்கே எட்டு மணி நேர வேலை சட்டமானது. வேறு முதலாளியிடம் போக வழி உள்ள தொழிலாளியின் பேரத்துக்கும், வயலைத் தவிர வேறு வாசல் இல்லாதவரின் பேரத்துக்கும் உள்ள வித்தியாசம் இது. டெல்டாவில் அந்த இரண்டாவது வாசல் திறக்கவே இல்லை என்பதை, பச்சையைப் பார்த்து மயங்குகிறபோது மறந்துவிடுகிறோம்.

இன்னொரு பக்கம், ஆலை வந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி. புதுச்சேரி டெல்டாவுக்கு வடக்கே மிக அருகில் இருக்கிற முன்னாள் ஆலை நகரம். 1820களின் இறுதியில் அங்கே தொடங்கிய சவானா மில் இந்தியாவின் பழைய ஆலைகளில் ஒன்று. நீலம் தோய்த்த துணியைச் செனகலுக்கு அனுப்பி அங்கிருந்து பிசின் வாங்குவது பிரெஞ்சுக்காரர்களின் வியாபாரம்; அந்தப் பாதுகாக்கப்பட்ட சந்தைதான் ஆலையை வளர்த்தது. 1898இல் தொடங்கிய ரோடியர் மில், ஏ.எஃப்.டி. என்ற பெயரில் அரசு நிறுவனமாக நீடித்து, 2011இன் தானே புயலில் அடிபட்டு, 2020 ஏப்ரலில் மூடப்பட்டது. பாதுகாக்கப்பட்ட அந்தச் சந்தை போனதும் அந்த ஆலைகள் நோஞ்சானாகவே காலம் தள்ளின. கோடாலிக்கருப்பூரின் கதையே பெரிய அளவில் நடந்தது என்றும் சொல்லலாம். அதே 2020இன் பிப்ரவரியில், காவிரி டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எண்ணெய், எரிவாயு எடுப்பதற்கும், தாமிர உருக்காலை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றுக்கும் அங்கே புதிதாக இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மிராசுதாரரின் கணக்கு சொல்லாமல் செய்ததை, இருபத்தோராம் நூற்றாண்டில் விவசாயிகள் போராடிச் சட்டமாகவே எழுத வைத்துவிட்டார்கள். செய்தவர்கள் வேறு, காரணங்கள் வேறு. நெல் தன் இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்பது மட்டும் பொது.

இப்போது அந்த நெல்லே கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுக்கிறது, அதுவும் பருத்திக்கு. மேட்டூர் ஜூன் 12இல் திறக்கும் என்ற நம்பிக்கை ஆட்டம் காணத் தொடங்கிய பிறகு, சம்பா, தாளடி அறுத்த வயலில் கோடைக்குப் பருத்தி போடுவது தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை மாவட்டங்களில் பரவியிருக்கிறது. வண்டலில் பருத்தி வராது என்ற பழைய வாதம் இத்தனை காலம் கழித்து வயலிலேயே பொய்த்துப்போனது. ஆனி, ஆடியில் களஞ்சியம் நிற்கிற அதே பாபநாசத்தில் ஒழுங்குமுறை விற்பனைக்கூட வாசலில் பருத்தி மூட்டைகள் வரிசை கட்டுகின்றன. ஏலம் எடுக்கிறவர்களில் கோயம்புத்தூர், திருப்பூர், தேனிப் பக்கத்து வியாபாரிகள் இருக்கிறார்கள். ஏலம் முடிந்ததும் லாரிகள் காவிரிக்கு எதிர்த்திசையில், மேற்கே புறப்பட்டுப் போகின்றன.